இங்கிலாந்தில் செக்கண்டரி ஸ்கூல் இடம்: விண்ணப்பம், வெயிட்டிங் லிஸ்ட், அப்பீல் – முழு வழிகாட்டி

ஒவ்வொரு மார்ச் மாதமும் லண்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது ஒரு பெற்றோர் இந்தக் கேள்வியோடு நிற்பார்கள்: “போன வாரம் எங்க பொண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல 14. இன்னைக்கு போன் பண்ணா 17-ங்கிறாங்க. நடுவுல யாரு புகுந்தாங்க?”

யாரும் புகவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் போனால் நாம் ஓர் அடி முன்னால் போவோம். பின்னால் போக மாட்டோம். இங்கே வெயிட்டிங் லிஸ்ட் அப்படி இல்லை. புதிதாக ஒரு பிள்ளை சேரும் ஒவ்வொரு முறையும் மொத்தப் பட்டியலையும் அந்தப் பள்ளியின் விதிகளின்படி மறுபடியும் அடுக்க வேண்டும் என்று அரசின் ‘ஸ்கூல் அட்மிஷன்ஸ் கோட்’ என்ற விதித் தொகுப்பு சொல்கிறது. எப்போது விண்ணப்பித்தீர்கள், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து முன்னுரிமை தரக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டை விட நூறு அடி பக்கத்தில் ஒரு குடும்பம் ஜூன் மாதம் குடிவந்து பெயர் கொடுத்தாலும், தூரத்தை வைத்து இடம் தரும் பள்ளியில் அவர்கள் உங்களுக்கு மேலே போய்விடுவார்கள்.

சிபாரிசுக் கடிதம், நன்கொடை, தலைமையாசிரியரைப் போய்ப் பார்ப்பது எதுவும் இங்கே உதவாது. அட்மிஷனுக்காகப் பெற்றோரையோ பிள்ளையையோ நேர்காணல் செய்வதற்கும், பணம் கேட்பதற்கும் அந்த அட்மிஷன்ஸ் கோடில் தடை இருக்கிறது. உதவுவது ஒன்றுதான்: எழுதி வைத்த விதியில் உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, தேதி தவறாமல், சரியான காகிதத்தோடு கேட்பது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து முறைகள் வேறு.

முதலில் தேதிகள்

பிள்ளை 11 வயதை முடித்தபின் வரும் செப்டம்பரில் இயர் 7, அதாவது செக்கண்டரி தொடங்கும். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பிள்ளை இயர் 6-க்குள் நுழைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். மார்ச் 1 அன்று முடிவு வரும். அது விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில். பிரைமரி ஸ்கூலில் இருந்து தானாக செக்கண்டரிக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்து அக்டோபரைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரே வளாகத்தில் பிரைமரியும் செக்கண்டரியும் இருந்தாலும், பெரும்பாலும் தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியான கிராமர் ஸ்கூல் யோசனை இருந்தால் இன்னும் சீக்கிரம் தொடங்க வேண்டும். அதன் நுழைவுத் தேர்வான லெவன் பிளஸுக்குப் பதிவு பெரும்பாலும் இயர் 5-இன் கோடைப் பருவத்தில் திறந்து, இயர் 6 தொடங்கும் முன்போ தொடங்கிய கையோடோ மூடிவிடும். தேர்வு செப்டம்பரில். இங்கிலாந்து முழுவதற்கும் 163 கிராமர் ஸ்கூல்கள்தான். கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் மாதிரி இடங்களில் நிறைய. லண்டனில் சட்டன், பார்னெட், பெக்ஸ்லி, கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ் என்று சில பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) மட்டும். தேர்வில் தேறினால் இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். சில பள்ளிகள் மதிப்பெண் வரிசைப்படி எடுக்கும், சில தேறியவர்களில் அருகில் இருப்பவர்களை எடுக்கும். இரண்டு வருடம் டியூஷனுக்கு அனுப்பும் முன் இந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். மதிப்பெண் போதும், வீடு தூரம் என்று இடம் கிடைக்காமல் போகும் பிள்ளைகள் உண்டு.

வேலை விசாவில் வந்தவர்கள் ஒன்றைக் கேட்டுப் பயப்படுவார்கள். விசாவில் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகைகள்) கிடையாது’ என்று இருந்தாலும், அரசுப் பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில் வராது. உங்கள் பிள்ளைக்கு இடம் உண்டு, இலவசமாகவே.

ஒவ்வொரு பள்ளியின் விதியையும் படிப்பது

ஒவ்வொரு பள்ளிக்கும் இயர் 7-இல் இத்தனை பேர் என்று அறிவித்த எண் ஒன்று உண்டு. 180 என்று வைத்துக்கொள்வோம். 180-க்குக் கீழே விண்ணப்பம் வந்தால், கிராமர் ஸ்கூல் தவிர மற்ற பள்ளிகள் எல்லாரையும் சேர்த்தாக வேண்டும். அதற்கு மேல் வந்தால்தான் யாருக்கு முதலில் என்ற விதிகள் வேலை செய்யத் தொடங்கும். அந்த விதிகள் பள்ளிக்குப் பள்ளி வேறு. பள்ளியின் இணையதளத்தில் அட்மிஷன்ஸ் பக்கத்தில் கட்டாயம் இருக்கும்.

சிறப்புத் தேவைகளுக்கான இ.ஹெச்.சி. பிளான் உள்ள பிள்ளைக்கு அந்தத் திட்டத்திலேயே பள்ளியின் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் பள்ளி சேர்த்தே ஆக வேண்டும். அது தனி வழி. பெயர் முடிவாக வேண்டிய கடைசி நாள் பிப்ரவரி 15. அடுத்து, அரசுப் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகள் பெரும்பாலான பள்ளிகளில் முதல் படி. அதற்குக் கீழேதான் வித்தியாசங்கள்: மருத்துவ, சமூகக் காரணம், அண்ணனோ அக்காவோ அங்கே படிப்பது, குறிப்பிட்ட பிரைமரியில் படித்தது, தேவாலயத்துக்குப் போவது, கடைசியில் தூரம். வரிசை மாறும். சில பள்ளிகள் சீட்டுக் குலுக்கியும் எடுக்கும். பிரைட்டன் நகரம் 2008 சேர்க்கையில் சம நிலையில் இருப்பவர்களுக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தபோது நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள்.

சில பள்ளிகளில் ‘பேண்டிங்’ என்று ஒரு தேர்வு இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் தேறுவது, தோற்பது கிடையாது. எல்லாத் திறன் நிலையிலும் பிள்ளைகள் வர வேண்டும் என்று பிரித்து எடுப்பதற்காக வைப்பது. ஆனால் எழுதாமல் விட்டால் பல பள்ளிகளில் கடைசிப் படிக்குத் தள்ளிவிடுவார்கள்.

தூரம் விஷயத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நேர்கோட்டில் அளக்கிறார்களா, நடைபாதை வழியாகவா? பள்ளியின் எந்த வாசல் வரை? போன மூன்று ஆண்டுகளில் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் தூரம் எவ்வளவு? மூன்றாவது கணக்கு, உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் வெளியிடும் கையேட்டில் இருக்கும். ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் மூத்தவளுக்கு நாங்கள் பார்த்த பள்ளியில் முந்தைய வருடம் 1.41 மைல் வரை போயிருந்தது. எங்கள் வீடு 1.32. கிடைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். அந்த வருடம் நிறைய தம்பி தங்கைகள் வந்தார்கள், 1.18-இல் நின்றுவிட்டது.

இன்னொன்று: பக்கத்து பரோ பள்ளி நமக்குக் கிடைக்காது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 1989-இல் வந்த கிரீனிச் தீர்ப்புக்குப் பிறகு, எங்கள் பரோக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கவுன்சில் முன்னுரிமை தர முடியாது. எல்லை சாலையின் அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி உங்களுக்கு மிக அருகில் என்றால் தயங்காமல் போடுங்கள். விண்ணப்பம் மட்டும் நீங்கள் குடியிருக்கும் கவுன்சில் வழியாகவே போக வேண்டும்.

வரிசையை எப்படிப் போடுவது

இதில்தான் நம் ஆட்கள் அதிகமாகக் குழம்புகிறார்கள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். மற்ற இடங்களில் குறைந்தது மூன்று. “ஃபர்ஸ்ட் சாய்ஸா போட்டாத்தான் அந்த ஸ்கூல் எடுக்கும்” என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொல்வார்கள். அது பழைய காலத்து விஷயம். இன்று நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பதை வைத்துப் பள்ளி முடிவெடுக்க முடியாது. உங்கள் ஆறு பள்ளிகளும் தனித்தனியாக, தங்கள் விதியை மட்டும் வைத்து உங்கள் பிள்ளையை வரிசைப்படுத்தும். அதன் பிறகு கவுன்சில் பார்க்கும்: எத்தனை பள்ளிகளில் இடம் வருகிறது, அவற்றில் நீங்கள் மேலே எழுதியது எது? அந்த ஒன்றை மட்டும் கொடுத்து மற்றவற்றை விடுவிக்கும்.

உதாரணத்துக்கு, கிராமர் ஸ்கூலை முதலாவதாகவும் வீட்டருகே உள்ள பள்ளியை இரண்டாவதாகவும் போடுகிறீர்கள். கிராமர் கிடைக்கவில்லை. இரண்டாவது பள்ளியில், அதை முதலாவதாகப் போட்டவர்களுக்குப் பின்னால் நீங்கள் போக மாட்டீர்கள். அவர்களை விட நீங்கள் அருகில் இருந்தால் இடம் உங்களுக்குத்தான். ஆகவே உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதே வரிசையில் எழுதுங்கள். தந்திரம் எதுவும் தேவையில்லை, செய்தால் நஷ்டம்.

ஆனால் இரண்டு தவறுகள் உண்டு. ஒரே பள்ளியை மட்டும் எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் கொடுப்பார்கள் என்று காத்திருப்பது. கொடுக்க மாட்டார்கள், யாரும் கேட்காமல் இடம் மிஞ்சிய ஏதோ ஒரு பள்ளியைக் கொடுப்பார்கள், அது இரண்டு பஸ் மாறிப் போகும் இடமாக இருக்கலாம். அடுத்தது, ஆறையும் எட்டாத பள்ளிகளாகவே எழுதுவது. கடைசி ஒன்றோ இரண்டோ, போன வருடக் கணக்குப்படி நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதாக இருக்கட்டும். அந்தப் பள்ளியையும் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் ஓப்பன் ஈவினிங்கில் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். பெயர் கேட்டு ஒதுக்கிய பள்ளி நேரில் பார்த்தால் நன்றாக இருக்கும். எங்களுக்கு இருந்தது.

பெயரும் முகவரியும்

இது தமிழ்க் குடும்பங்களுக்கென்றே வரும் சிக்கல். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு அவர் அப்பாவின் பெயர். கவுன்சில் வரி ரசீது அப்பா பேரில். ஆக, ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். அதைப் பார்க்கும் அலுவலருக்கு, இந்த ரசீதில் இருப்பவர் இந்தப் பிள்ளையின் அப்பாதானா என்று சந்தேகம் வருவது இயல்பு. எங்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது, பதில் சொல்ல ஐந்து நாள் கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில நகலையும், தமிழ்ப் பெயர் முறையை விளக்கி நான்கு வரியையும் அனுப்பினோம், சரியாகிவிட்டது. அந்த நான்கு வரியை நீங்கள் விண்ணப்பத்தோடேயே இணைத்துவிடுங்கள்.

முகவரிக்கு ஆதாரமாகப் பல கவுன்சில்கள், பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் கடிதத்தைக் கேட்கும். விசாவில் இருக்கும் பல குடும்பங்களுக்கு அது கிடையாது, ஏனென்றால் அது பப்ளிக் ஃபண்ட்ஸ். பதற வேண்டாம். வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி ரசீது, பிள்ளையின் பெயருக்கு ஜி.பி. சர்ஜரி (குடும்ப மருத்துவர் கிளினிக்) தந்த கடிதம் இவற்றைச் சேர்த்துக் கொடுத்து, வேறு என்ன ஏற்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஒரு வீட்டில் ஒரு அறை மட்டும் எடுத்து, வரி ரசீது வீட்டுக்காரர் பேரில் இருக்கும் குடும்பங்கள் இதைச் செப்டம்பரிலேயே செய்ய வேண்டும்.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கவுன்சில் தன் வரிப் பதிவையும் பிரைமரி பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் கூட. யூனிஃபார்மோடு போன பிள்ளை அதைத் தாங்குமா என்று யோசியுங்கள்.

கத்தோலிக்க, ஆங்கிலிகன் பள்ளிகளுக்கு கவுன்சில் விண்ணப்பத்தோடு முடிவதில்லை. கூடுதல் தகவல் படிவம் ஒன்றை நேரடியாகப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பாதிரியாரின் கையெழுத்தும் தேவைப்படும். ஞானஸ்நானச் சான்றிதழ் மன்னாரிலோ தூத்துக்குடியிலோ உள்ள பங்கில் இருந்து வர வேண்டும் என்றால் கோடையிலேயே எழுதிக் கேளுங்கள். மருத்துவக் காரணம் சொல்பவர்களுக்கும் இதே அவசரம்தான். டாக்டர் கடிதத்தில் பிள்ளைக்கு என்ன நோய் என்பதை விட, ஏன் இந்தப் பள்ளி மட்டுமே பொருந்தும் என்பது இருக்க வேண்டும்.

மார்ச் 1, அதன் பிறகு

லண்டனில் அன்று மாலை 5 மணிக்கு மேல் மின்னஞ்சல் வரத் தொடங்கும். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது திறப்பதா என்று முன்பே பேசி வையுங்கள். எங்களுக்கு வந்தது ஐந்தாவது பள்ளி. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நாள் வகுப்பில் யாருக்கு எது என்ற பேச்சைத்தான் அவள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

வந்த இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள். லண்டனில் இதற்கு மார்ச் 15 வரை நேரம் தருவார்கள். ஒப்புக்கொண்டால் வெயிட்டிங் லிஸ்டில் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்பது பொய். மறுத்தால் முன்னால் போவீர்கள் என்பதும் பொய். மறுத்தால் கையில் இருப்பதும் போகும், வேறு பள்ளி தேடித் தரும் பொறுப்பும் கவுன்சிலுக்கு இராது.

அப்புறம், உங்களுக்குக் கிடைத்ததற்கு மேலே எழுதிய பள்ளிகளின் பட்டியலில் பல கவுன்சில்கள் தானாகவே பெயர் சேர்க்கும். சில சேர்க்காது. கேட்டு உறுதி செய்யுங்கள். கீழே எழுதிய பள்ளியோ, எழுதாமல் விட்ட பள்ளியோ இப்போது வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

பட்டியல் எப்போது நகரும்

முதல் அசைவு, மார்ச் 15-க்குப் பிறகு. தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் இடத்தை விடுவது அப்போதுதான். பிறகு ஏப்ரல், மே மாதங்களில் சிறிது சிறிதாக. ஜூலையில் வீடு மாறுபவர்களால் கொஞ்சம். செப்டம்பர் முதல் வாரத்தில், வருவதாகச் சொல்லி வராத பிள்ளைகளின் இடம் தெரியவரும்போது மறுபடி ஒரு அசைவு.

போன் செய்யும்போது எண்ணை மட்டும் கேட்காதீர்கள். எந்த விதியின் கீழ் எங்கள் பிள்ளை இருக்கிறது, போன வருடம் செப்டம்பருக்குள் பட்டியலில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். 180 பேர் எடுக்கும் பள்ளியில் 17 என்பது நல்ல எண்ணாக இருக்கலாம். 90 பேர் எடுக்கும் கிராமர் ஸ்கூலில் அதே 17 எட்டாததாக இருக்கலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று: அப்பீலில் வென்ற பிள்ளைகளை அறிவித்த எண்ணுக்கு மேலே கூடுதலாகச் சேர்ப்பார்கள். 180 இடப் பள்ளியில் அப்பீலில் ஆறு பேர் வென்றால் 186 ஆகிவிடும். அதன் பிறகு ஆறு பேர் விலகினாலும் 180 தான். பட்டியலில் முதலில் இருப்பவருக்குக் கூட இடம் வராது. ஏழாவது பிள்ளை போனால்தான் வரும். ஜூனில் பட்டியல் உறைந்து நிற்பது போலத் தெரிந்தால் இது காரணமாக இருக்கலாம். எனக்கு இதை ஒரு அட்மிஷன்ஸ் அலுவலர் பொறுமையாக விளக்கினார். அதுவரை நானும் யாரோ நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பீல்

இடம் மறுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் எதிராக அப்பீல் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பட்டியலில் உங்கள் இடத்தை அது பாதிக்காது. மறுப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்களாவது அவகாசம் தர வேண்டும். அப்பீல் கடைசித் தேதியிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். அதற்குப் பத்து பள்ளி நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வரும். விசாரிப்பவர்கள் பள்ளியைச் சாராத, குறைந்தது மூன்று பேர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம், நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துப் போகலாம்.

“முப்பது பேர் சட்டம் இருக்கு, அப்பீலே வீண்” என்று சொல்வார்கள். ஒரு வகுப்பில் 30 பேருக்கு மேல் கூடாது என்ற சட்டம் ஏழு வயது வரை உள்ள வகுப்புகளுக்கு மட்டும். செக்கண்டரியில் விசாரணைக் குழுவுக்கு அதை விட அதிகச் சுதந்திரம் உண்டு. அதற்காக எளிது என்று சொல்ல மாட்டேன். நாடு முழுக்கப் பார்த்தால் விசாரிக்கப்படும் செக்கண்டரி அப்பீல்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் வெல்கிறது.

குழு இரண்டு கட்டமாகப் பார்க்கும். முதலில், பள்ளி தன் விதியைச் சரியாகப் பின்பற்றியதா, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு உண்மையிலேயே சிரமமா? இங்கே நீங்கள் கேள்வி கேட்கலாம். முந்தைய ஆண்டுகளில் எண்ணை விட அதிகம் சேர்த்தீர்களா, இப்போது இயர் 8-இல் எத்தனை பேர், புதுக் கட்டடம் வந்ததே? தூரத்தைத் தவறாக அளந்திருந்தால் இங்கேயே வென்றுவிடலாம். இரண்டாவது கட்டத்தில் பள்ளியின் சிரமத்தையும் உங்கள் பிள்ளைக்கு ஏற்படும் நஷ்டத்தையும் தராசில் வைப்பார்கள்.

அந்தத் தராசில் வைக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் வேலை. “நல்ல ஸ்கூல், நல்ல ரிசல்ட்” என்பது எல்லாரும் சொல்வது, அதற்கு எடையே இல்லை. கிடைத்த பள்ளியைத் திட்டுவதும் உதவாது. இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி ஏன் என்று காட்டுங்கள்: பிரைமரி டீச்சரின் கடிதம், மருத்துவரின் கடிதம், பயணத்துக்கு ஆகும் நேரம், அந்தப் பள்ளியில் மட்டும் இருக்கும் பாடம், அதில் பிள்ளை ஏற்கனவே செய்திருப்பது. இரண்டு பக்கத்துக்குள் எழுதி, சான்றுகளைப் பின்னால் இணையுங்கள். கிராமர் ஸ்கூல் என்றால், தேர்வு எழுதியபோது என்ன நடந்தது என்பதற்கும், பிள்ளையின் படிப்புத் தரத்துக்கும் ஆதாரம் வேண்டும்.

முடிவுக் கடிதம் ஐந்து பள்ளி நாட்களுக்குள் வரும். அந்த முடிவு பள்ளியையும் உங்களையும் கட்டுப்படுத்தும். நிலைமை பெரிதாக மாறினால் தவிர, அதே கல்வியாண்டில் அதே பள்ளிக்கு மறுபடி அப்பீல் கிடையாது.

நடுவில் வந்து சேர்பவர்களுக்கு

பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்து இறங்குகிறீர்கள், பிள்ளைக்கு இயர் 8 வகுப்புக்கான வயது. இதற்குப் பெயர் இன்-இயர் அட்மிஷன். கவுன்சிலிடமோ நேரடியாகப் பள்ளியிடமோ கேட்கலாம்; அந்தப் பகுதியில் எது வழக்கம் என்று கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் எழுத்தில் தர வேண்டும், அதற்கும் அப்பீல் உண்டு. இடம் இருக்கும் பள்ளிகள் எவை என்று கவுன்சிலிடமே கேளுங்கள்.

செப்டம்பரில் அழைப்பு வந்தால்

வெயிட்டிங் லிஸ்டில் இருந்து இடம் வந்தால் முடிவு சொல்ல ஓரிரு நாள்தான் தருவார்கள். அதனால் அந்தப் பேச்சை ஆகஸ்டிலேயே பிள்ளையோடு பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. செப்டம்பர் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. அவளுக்கு அதற்குள் அந்த ஐந்தாவது பள்ளியில் பஸ்ஸில் சேர்ந்து வர இரண்டு தோழிகள், நெட்பால் அணியில் ஒரு இடம். இரவு சாப்பிடும்போது கேட்டோம். “நான் இங்கயே இருக்கேம்மா” என்றாள். மறுநாள் காலை போன் செய்து இடத்தை விட்டுக்கொடுத்தோம். பட்டியலில் அடுத்து நின்ற பிள்ளைக்கு அது போயிருக்கும்.

இன்னும் வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு: இயர் 7 பட்டியலைப் பள்ளி குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு சில பள்ளிகள் முழுப் பட்டியலையும் கலைத்துவிடும், சில ஒவ்வொரு பருவமும் புதிதாகப் பெயர் கேட்கும். நவம்பர் கடைசியில் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஜனவரிக்கும் பெயர் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.